உஷார்! பையைத் திருப்பிப் பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள்

பெங்களூருவில் வரமகாலட்சுமி விரதத்தில் ஆரம்பித்து தீபாவளி முடியும்வரை பை சீசன். அபார்ட்மெண்ட் கிளப் ஹவுஸில் இரண்டு நாள் கண்காட்சி, கல்யாண மண்டபத்தில் ‘நெசவாளர் மேளா, கடைசி மூன்று நாள்’, ஆபீஸ் கேன்டீன் வாசலில் ஒரு மேஜை, கையிலிருக்கும் போனில் இடைவிடாத விளம்பரம். எங்கே திரும்பினாலும் கைத்தறிப் பை, கிராமத்துப் பெண்கள் நெய்த பை, பாரம்பரிய நெசவுப் பை. விலை நூற்றைம்பதும் உண்டு, நாலாயிரமும் உண்டு. இவற்றில் பல, கைத்தறி இருக்கும் தெருப் பக்கமே போகாதவை.

நவராத்திரிக்கு வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுக்க ஐம்பது பை வாங்கப் போகிறீர்களா? மகள் கல்யாணத்துக்குத் தாம்பூலப் பை முந்நூறு வேண்டும் என்று கேட்டதற்கு யாரோ ஒரு வாட்ஸ்அப் நம்பரைக் கொடுத்திருக்கிறாரா? ஆபீஸில் தீபாவளிப் பரிசு வாங்குகிற வேலை உங்கள் தலையில் விழுந்திருக்கிறதா? அட்வான்ஸ் போடுவதற்கு முன் கொஞ்சம் நில்லுங்கள்.

புடவை விஷயத்தில் நம்மை ஏமாற்றுவது அவ்வளவு சுலபமில்லை. வீட்டில் ஒரு அத்தையோ பாட்டியோ இருப்பார். முந்தானையைப் புரட்டி, கரையை விரலால் தடவி, “இது பவர்லூம்டி” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். புடவையில் ஒளிக்க இடமே இல்லை, முழுசாகக் கண்ணெதிரே விரிகிறது. பை அப்படியா? துணியின் நல்ல பக்கம் மட்டும்தான் வெளியே தெரிகிறது. உள்ளே லைனிங் தைத்து மூடியாயிற்று. நடுவில் ஃபோம். ஓரமெல்லாம் தையலுக்குள் மடிந்து போய்விட்டது. நெசவைக் காட்டிக்கொடுக்கக்கூடிய அத்தனை சாட்சியும் தையல் மெஷினிலேயே மறைந்துவிடுகிறது. மிச்சம் இருப்பது சணல் கயிற்றில் தொங்கும் ஒரு அட்டை. அதில் தறி முன்னால் உட்கார்ந்து சிரிக்கும் ஒரு பாட்டியின் படம். அந்தப் பாட்டிக்கும் அந்தப் பைக்கும் ஒரு சம்பந்தமும் இருக்க வேண்டியதில்லை.

சட்டமும் இந்த இடத்தில் நமக்குப் பெரிய துணையாக இல்லை. கைத்தறிக்கென்று சில ரகங்களை ஒதுக்கி 1985இல் மத்திய அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஒதுக்கிய ரகத்தை விசைத்தறியில் நெய்தால் ஆறு மாதம்வரை சிறை, அல்லது தறிக்கு 5,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். விசைத்தறிக்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 1993இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது. முதலில் 22 ரகமாக இருந்த பட்டியல் பிறகு சுருங்கி 11க்கு வந்து நிற்கிறது. சேலை இருக்கிறது, வேட்டி இருக்கிறது, துண்டு, லுங்கி, ஜமுக்காளம், சால்வை எல்லாம் இருக்கிறது. பை என்று ஒரு வரி கிடையாது. ஆக, விசைத்தறித் துணியில் பை தைத்து விற்பது தப்பே இல்லை. அதைக் கைத்தறி என்று சொல்லி விற்கும்போதுதான் தப்பு. வியாபாரி அந்தச் சொல்லை எங்கே சொல்கிறார், எங்கே எழுதுகிறார் என்பதில்தான் முழு விளையாட்டும் இருக்கிறது.

பெங்களூரு என்றால் ஐ.டி., பட்டு என்று நினைக்கிறோம். இது விசைத்தறி ஊரும்தான். மொத்தத் துணிக் கடைகள் நிறைந்த சிக்பேட்டையிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் கப்பன்பேட்டை. ஒரு காலத்தில் கைத்தறி இருந்த வீடுகளில் விசைத்தறி வந்து பல வருஷம் ஆகிவிட்டது. சந்துக்குள் நுழைந்தால் தடதட சத்தம்தான் முதலில் வரவேற்கும். தொட்டபள்ளாப்புரா போனால் இன்னும் பெரிய அளவில் பார்க்கலாம். அந்த நெசவாளர்களை வில்லனாக்குவது என் நோக்கமில்லை. கூலிக்கும் கரண்ட் பில்லுக்கும் நடுவில் அவர்கள் படும் பாடு தனிக் கட்டுரை. அவர்கள் நெய்கிற துணி அதன் விலைக்கு யோக்கியமான துணிதான். அங்கே மீட்டர் கணக்கில் வாங்கப்பட்ட துணி நாலு தெரு தள்ளி பையாகி, ‘கைத்தறி’ என்று அட்டை மாட்டிக்கொண்டு, மூன்று மடங்கு விலையில் ஒரு கண்காட்சி மேஜையில் ஏறுகிறதே, சிக்கல் அந்தப் பயணத்தில்தான்.

போன வருஷம் நகரத்தின் தெற்குப் பக்கம் ஒரு மண்டபத்தில் நடந்த மேளாவுக்குப் போயிருந்தேன். ஒரு ஸ்டாலில் கணாத் துணியில் தைத்த பைகள் அடுக்கடுக்காக. கணா என்பது பாகல்கோட் மாவட்டத்துக் குளேதகுட்டாவில் நெய்கிற ரவிக்கைத் துணி. பட்டும் பருத்தியும் கலந்து, குட்டிக் குட்டியாகப் பூ எழும்பி நிற்கும். புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு. இப்போது பெங்களூருவில் பை, பர்ஸ், லேப்டாப் உறை எல்லாம் கணாவில்தான்.

“குளேதகுட்டா கைமக்க, கைத்தறி மேடம். எங்க தாத்தா காலத்துலேர்ந்து தறிதான்” என்றார் ஸ்டால்காரர், கன்னடமும் தமிழும் கலந்து.

“துணி என்ன அகலம் வருது?”

“எவ்வளவு அகலம் வேணுமோ அவ்வளவு தரலாம், மேடம்.”

எனக்கு அங்கேயே சந்தேகம் தட்டிவிட்டது. ரவிக்கைக்காக நெய்கிற துணி அது. கைத்தறியில் அகலம் குறைவாகத்தான் வரும். அவர் காட்டிய பையோ ஒரே துண்டுத் துணியில், எங்கேயும் ஒட்டு இல்லாமல், பயணப் பை அளவுக்கு இருந்தது. உள்ளே கையை விட்டு, லைனிங் பிரிந்திருந்த ஒரு மூலையில் தையலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த இழையை இழுத்தேன். “ஒரு நூல்தானே, எரிச்சுப் பார்க்கட்டுமா?” என்று கேட்டதும் அவர் முகம் மாறியது. பக்கத்து ஸ்டாலில் ஊதுபத்திக்கு வைத்திருந்த தீப்பெட்டி உதவியது. நூல் எரியவில்லை. சுருண்டது, உருகியது, கறுப்பாக ஒரு கடுகு மாதிரி கெட்டியாகி நின்றது. பாலியஸ்டர். பட்டாக இருந்தால் தலைமுடி பொசுங்கின வாடை வந்திருக்கும். பருத்தியாக இருந்தால் காகிதம் எரிந்த வாடையும், ஊதினால் பறக்கிற சாம்பலும் இருந்திருக்கும். “லைனிங் நூலாக இருக்கும் மேடம்” என்றார். இந்த நூலின் நிறமும் லைனிங்கின் நிறமும் வேறு வேறு என்று நான் காட்டியதும், “எல்லாரும் இதைத்தான் விக்கிறாங்க, எங்களுக்கு வர்றது இப்படித்தான்” என்று குரலைத் தாழ்த்திக்கொண்டார். அவரைக் குற்றம் சொல்லி என்ன ஆகப்போகிறது, அவரும் சிக்பேட்டையில் மொத்தமாக எடுத்து வந்தவர்தான்.

இந்த எரிப்புச் சோதனையைச் சர்வரோக நிவாரணியாக நினைத்துவிட வேண்டாம். அது நூல் எது என்று சொல்லும். எந்தத் தறியில் நெய்தது என்று சொல்லாது. விசைத்தறியில் நெய்த அசல் பருத்தியும் காகிதம் மாதிரிதான் எரியும். பெங்களூரு வீடுகளில் வாட்ஸ்அப் வழியாகச் சுற்றுகிற ‘கைத்தறியைக் கண்டுபிடிக்க ஐந்து வழிகள்’ ரகச் செய்திகளில் பாதிக்கு மேல் இப்படி அரைகுறைதான். அவற்றை நம்பித்தான் நன்றாகப் படித்தவர்களே ஏமாறுகிறார்கள். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

ஓரத்தில் ஊசித் துளை இருந்தால் கைத்தறி என்பார்கள். நெய்யும்போது துணி சுருங்காமல் விரிந்து நிற்க, இரண்டு பக்கமும் ஊசி வைத்த குச்சியால் முட்டுக்கொடுப்பார்கள். அந்தத் துளை உண்மைதான். விசைத்தறியிலும் ஓரத்தை இழுத்துப் பிடிக்க ஊசி வளையம் இருக்கிறது, அதுவும் துளை போடும். ஓரம் வழவழவென்று மடிந்து திரும்பியிருந்தால் கைத்தறி என்பார்கள். நாடா ஓடுகிற பழைய விசைத்தறியிலும் ஊடை நூல் அதே மாதிரிதான் திரும்பி வரும். இதில் ஒரே ஒரு பக்கம் மட்டும் நிச்சயம்: ஓரத்தில் ஊடை நூல் வெட்டி வெட்டி, பிரஷ் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தால் அது நாடா இல்லாத புது ரகத் தறி. கைத்தறி இல்லவே இல்லை.

இன்னொரு பெரிய பொய், ‘குறை இருந்தால் கையால் செய்தது’. நூல் அங்கங்கே தடித்தும் மெலிந்தும் இருப்பதைக் காட்டி, “பாருங்க, மெஷின்ல இப்படி வராது” என்பார்கள். வரும். அப்படித் தடித்து மெலிந்து வருகிற நூலை மில்லிலேயே வேண்டுமென்று நூற்று விற்கிறார்கள். விசைத்தறியில் அதைப் போட்டு நெய்தால், பார்ப்பதற்குக் கதர் தோற்றுப் போகும். அந்தத் துணியில் தைத்து மரப் பொத்தான் ஒன்று வைத்துவிட்டால், பார்த்தவுடன் காந்தி ஆசிரமத்திலிருந்து வந்தது போலத் தோன்றும் பை தயார். நல்ல நெசவாளர் குறை வரக் கூடாது என்றுதான் கண்ணைத் தேய்த்துக்கொண்டு நெய்கிறார். குறையை அவர் கையெழுத்து என்று சொல்வது அவருக்குச் செய்கிற அவமரியாதை என்றே எனக்குப் படுகிறது.

திருப்பிப் பார்த்தால் பலன் தருகிற வகைகள் சில உண்டு. இகத் பை என்று தருவார்கள். அசல் இகத்தில் நூலைக் கட்டிச் சாயம் தோய்த்த பிறகுதான் நெய்வார்கள். அதனால் நிறம் முன்னும் பின்னும் ஒரே அழுத்தத்தில் இருக்கும், உருவத்தின் விளிம்பு லேசாகக் கலங்கியிருக்கும். பின்பக்கம் வெளுத்திருந்தால் அது அச்சு. இகத்துக்குப் பேர்போன போச்சம்பள்ளியின் பெயரையே அதற்குச் சொல்லக் கூடாது. கசூத்தி என்பது தார்வாட், ஹுப்பள்ளிப் பெண்கள் துணியின் இழையை எண்ணி எண்ணிப் போடுகிற தையல். முடிச்சு தெரியாது. கவந்தி, முர்கி தையல்கள் இரண்டு பக்கமும் ஒன்றாகவே இருக்கும். மெஷின் கசூத்தியில் பின்பக்கம் வேறு நூல் ஓடும், பெரும்பாலும் காகிதம் மாதிரி ஒரு பட்டையும் ஒட்டியிருக்கும். லைனிங் போட்டு மூடிய கசூத்திப் பையை வாங்காதீர்கள், அல்லது லைனிங்கின் ஒரு மூலையைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். நாலு தையல்தான், திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

லம்பாணிப் பை விஷயத்திலும் இதே கதை. பல்லாரி பக்கம் சண்டூரில் லம்பாணிப் பெண்கள் கண்ணாடி, சோழி வைத்துச் செய்கிற தையலுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. 2023 ஜூலையில் ஹம்பியில் ஜி20 கூட்டம் நடந்தபோது, 450க்கும் மேற்பட்ட லம்பாணிப் பெண்களின் கைவேலையில் உருவான 1,755 பொருட்களைக் காட்சிக்கு வைத்துக் கின்னஸில் இடம்பிடித்தார்கள். அதற்குப் பிறகு ‘லம்பாணி’ என்ற பெயருக்கு மவுசு கூடியது. மெஷினில் அடித்த கண்ணாடிப் பைகளும் அதே பெயரில் வந்து குவிந்துவிட்டன. கண்ணாடியைச் சுற்றி இழை கையால் போட்டதா, இல்லை பிளாஸ்டிக் வட்டத்தைப் பசை வைத்து ஒட்டினதா என்று நகத்தால் தட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும். இன்னொன்று, லம்பாணி என்பது தையல், நெசவு இல்லை. “லம்பாணி கைநெசவு” என்று ஒருவர் சொன்னால் அவருக்குச் சரக்கு தெரியவில்லை, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

சாதாரணப் பருத்திப் பை, கோடு போட்டது, கட்டம் போட்டது, ஒரே நிறம் — இவற்றில்தான் அசல் ஆபத்து. துணியை மட்டும் பார்த்து அது கைத்தறியா விசைத்தறியா என்று அடித்துச் சொல்வது, அனுபவம் உள்ளவர்களுக்கே கஷ்டம். நான் சொன்ன சோதனைகள் எல்லாம் பொய்யைப் பிடிக்க உதவும். மெய் என்று சர்டிபிகேட் கொடுக்க அவற்றால் முடியாது. அதற்குத் துணியை விட்டுவிட்டு ஆளையும் காகிதத்தையும் பிடிக்க வேண்டும்.

காகிதம் என்றால் எது? கைத்தறி முத்திரை 2006இல் வந்தது. ஜவுளிக் கமிட்டி பதிவு செய்து கொடுப்பது, லேபிளில் எண் இருக்கும். 2015 ஆகஸ்ட் 7இல், முதல் தேசிய கைத்தறி தினத்தன்று, சென்னையில் பிரதமர் தொடங்கிவைத்தது ‘இந்தியா ஹேண்ட்லூம்’ பிராண்ட். அது தரத்துக்கும் சேர்த்து. இரண்டில் ஒன்று பையில் தைத்திருந்தால் கொஞ்சம் நம்பலாம். தைத்திருக்க வேண்டும், தொங்கவிட்ட அட்டையில் அச்சடித்த லோகோ கணக்கில் சேராது. அட்டையை எந்த அச்சகமும் அடித்துக் கொடுக்கும்.

சில்க் மார்க் இருக்கிறதே என்று திருப்திப்படுகிறவர்கள் நிறைய. அதன் தலைமையிடம் நம்ம பெங்களூருதான், மத்தியப் பட்டு வாரியம் 2004இல் கொண்டுவந்தது. அது சொல்வது ஒன்றே ஒன்று: இது அசல் பட்டு. எந்தத் தறியில் நெய்தது என்பதைப் பற்றி அது வாயே திறக்காது. விசைத்தறிப் பட்டுக்கும் சில்க் மார்க் தாராளமாகக் கிடைக்கும். கதர் என்று சொன்னால் அதற்குத் தனியாகக் கதர் முத்திரை உண்டு, 2013 முதல் விதிமுறை இருக்கிறது, அது இல்லாமல் கதர் என்று விற்கவே கூடாது. அங்கேயும் கண்ணை மூடிக்கொள்ள முடியாது. மும்பையில் 1954 முதல் நடந்துவந்த பிரபலமான கதர் எம்போரியத்தை நடத்திய சங்கத்தின் சான்றிதழையே, கதர் அல்லாததை விற்றதாகச் சொல்லி, 2022இல் கதர் கிராமத் தொழில் ஆணையம் ரத்து செய்தது. கடை பழசு, பேர் பெரிசு என்பதெல்லாம் உத்தரவாதம் ஆகாது.

அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் நிதானமாகப் படியுங்கள். ‘கைவினைப் பை’ என்றால் கையால் தைத்திருக்கலாம். ‘சுய உதவிக் குழுப் பெண்கள் தயாரிப்பு’ என்றால் அவர்கள் தைத்தார்கள், துணி மில்லிலிருந்து வந்திருக்கலாம். ‘ஹேண்ட்லூம் ஃபினிஷ்’ என்றால் கைத்தறி இல்லவே இல்லை என்று அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். இவை எதுவும் நேரடிப் பொய் இல்லை. நாம்தான் அவசரத்தில் கைத்தறி என்று படித்துக்கொள்கிறோம்.

இப்போது மொத்த ஆர்டருக்கு வருகிறேன், ஏனென்றால் பெரிய பணம் போவது அங்கேதான். ஒயிட்ஃபீல்டு, எலெக்ட்ரானிக் சிட்டி கம்பெனிகளுக்கு அக்டோபரில் ஒரு மெயில் வரும்: கிராமத்துக் கைவினைஞர்கள் நெய்த பை, ஆயிரம் பீஸ், ஆறு நிறம், ஏழே நாளில் டெலிவரி, உங்கள் லோகோ இலவசம். கணக்குப் போட்டுப் பாருங்கள். கையில் மாட்டுகிற சாதாரணப் பைக்குக் கைப்பிடியோடு சேர்த்து அரை மீட்டர் துணி. ஆயிரம் பைக்கு 500 மீட்டர். முரட்டு நூலில் சாதா நெசவு என்றால் ஒரு தறியில் நாளைக்கு நாலைந்து மீட்டர் வரும். ஒரு தறிக்கு நூறு நாளுக்கு மேல் ஆகும், பத்துத் தறி இருந்தாலும் பத்துப் பன்னிரண்டு நாள். அதற்கு முன்னால் நூலுக்குச் சாயம் போட்டு, பாவு ஓட்டி, கஞ்சி போட்டு, பழைய பாவின் நுனியில் புதுப் பாவை இழை இழையாகப் பிணைத்துத் தறியில் ஏற்ற வேண்டும். அதற்குப் பின்னால் வெட்டு, தையல், லோகோ அச்சு. ஏழு நாளில் வருமா? துணி ஏற்கெனவே நெய்து கையிருப்பில் இருந்தால் வரலாம். அப்படியென்றால் எந்தச் சங்கத்தின் கையிருப்பு, எத்தனை மீட்டர், கொள்முதல் பில் எங்கே என்று கேளுங்கள். அசலாகச் செய்கிறவர் மகிழ்ந்துபோய்ப் பேச ஆரம்பித்துவிடுவார், போனை வைக்க விடமாட்டார். மற்றவர் “மேடம், சீசன் ரஷ், அட்வான்ஸ் போட்டாத்தான் ஸ்லாட்” என்பார்.

தீபாவளிக்குக் கைத்தறிப் பை வேண்டும் என்றால் ஜூலையில் ஆர்டர் கொடுக்க வேண்டும். கல்யாணத் தாம்பூலப் பைக்கும் அப்படித்தான், முகூர்த்தத்துக்கு மூன்று மாதம் முன்னால். அதற்கு முடியாது என்றால், நல்ல விசைத்தறிப் பருத்திப் பையை விசைத்தறி விலைக்கு வாங்கிக் கொடுங்கள். ஒரு கேவலமும் இல்லை. நம் ஊர் மஞ்சப்பை என்ன, கைத்தறி என்று யாரிடமாவது பொய் சொல்லியா ஊர் சுற்றியது?

மலிவாகத் தாம்பூலப் பை தேடுகிறவர்கள் இன்னொரு குழியில் விழுகிறார்கள். பளபளவென்று நிறம் நிறமாக, தொட்டால் துணி மாதிரி, உற்றுப் பார்த்தால் சின்னச் சின்னக் குழி குழியாக அழுத்தின பைகள், பத்துப் பன்னிரண்டு ரூபாய்க்கு. கடைக்காரர் “துணிப்பைதான்” என்பார். அது பாலிபுரொப்பிலீன், பிளாஸ்டிக். நூலும் இல்லை, பாவும் இல்லை, ஊடையும் இல்லை. சதுர மீட்டருக்கு 60 கிராமுக்குக் குறைந்த அந்த ரகப் பைக்கு 2021 செப்டம்பர் 30 முதல் நாடு முழுக்கத் தடை. கர்நாடகம் பிளாஸ்டிக் பைக்கு 2016லேயே தடை போட்ட மாநிலம். விருந்தாளிக்கு மங்களகரமாகப் பிளாஸ்டிக்கைக் கொடுத்தனுப்புகிறோம். சில வருஷம் அலமாரியில் கிடந்தால் தொட்டதும் பொடிப்பொடியாக உதிரும்.

தறியே இல்லாமல் கையால் முடைகிற பைகளில் ஏமாற்று குறைவு. துங்கபத்திரைக் கரையில் ஆனேகுந்தியில் கிஷ்கிந்தா டிரஸ்ட் 1997 முதல் இயங்குகிறது. அங்கே பெண்கள் வாழை நாரில் கயிறு திரித்துப் பையும் கூடையும் செய்கிறார்கள். செட்டிநாட்டுக் கொட்டான், நம் வீட்டு வயர் கூடை எல்லாம் கையால் வந்தவைதாம். கொட்டான் என்று பிளாஸ்டிக் பட்டையில் முடைந்ததைக் கொடுப்பார்கள், முகர்ந்து பாருங்கள். ஓலைக்கு ஒரு வாசனை உண்டு.

ஆன்லைன் ஆட்களைப் பற்றிச் சுருக்கமாக. பண்டிகை சமயத்தில் முளைத்து, பண்டிகை முடிந்ததும் பேர் மாற்றிக்கொள்கிற பக்கங்கள் நிறைய. முழுப் பணத்தையும் யூ.பி.ஐ.யில் முன்கூட்டிக் கேட்டால், முகவரி ‘பெங்களூரு’ என்று மட்டும் இருந்தால், ஜி.எஸ்.டி. எண்ணோ கடைப் பேரோ இல்லாமல் ஒரு தனி ஆள் பேருக்குப் பணம் போகிறது என்றால், வேண்டாம். பணம் போய்விட்டது, பை வரவில்லை, போன் எடுக்கவில்லை என்றால் அன்றைக்கே 1930க்கு அடியுங்கள். சைபர் குற்றப் புகாருக்கு அதுதான் எண். சீக்கிரம் சொன்னால்தான் பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் முடக்க வழி உண்டு. ‘நாளைக்குப் பார்க்கலாம், ஆயிரம் ரூபாய்தானே’ என்று விடுகிறவர்களை நம்பித்தான் அவர்கள் தொழிலே ஓடுகிறது.

எங்கேதான் வாங்குவது என்று கேட்பீர்கள். கர்நாடக கைத்தறி வளர்ச்சிக் கழகத்தின் பிரியதர்ஷினி கடைகள், எம்.ஜி. ரோட்டில் கைவினைக் கழகத்தின் காவேரி எம்போரியம், நம் கோ-ஆப்டெக்ஸின் பெங்களூருக் கிளைகள். ஷிவமொக்கா மாவட்டம் ஹெக்கோடில் நாடகக்காரர் பிரசன்னா 1996இல் தொடங்கிய சரகா பெண்கள் கூட்டுறவுச் சங்கத்தின் துணி ‘தேசி’ கடைகளில் வரும். பாக்குச் சாயம் போன்ற இயற்கைச் சாயத்தில் தோய்த்த துணி அவர்களுடையது. கையால் செய்த பொருளுக்கு ஜி.எஸ்.டி. கூடாது என்று 2017இல் உண்ணாவிரதம் இருந்தவர் அந்தப் பிரசன்னா. இங்கேயும் கேள்வி கேட்கத்தான் வேண்டும்: கைத்தறிக் கடையில் விற்கிற பொருளெல்லாம் கைத்தறியாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. எம்.ஜி. ரோடுக்கு ஆட்டோவில் போனால், “அது மூடிட்டாங்க, அதே மாதிரி கவர்ன்மெண்ட் கடை இன்னொண்ணு இருக்கு” என்று டிரைவர் அண்ணா வேறு பக்கம் திருப்பினால் இறங்கிவிடுங்கள். அவருக்குக் கமிஷன், உங்களுக்குப் பாலியஸ்டர்.

ஒரு பைக்கு இவ்வளவு போராட்டமா என்று அலுத்துக்கொள்கிறவர்களுக்கு ஒரு தகவல். 2019–20இல் எடுத்த நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டில் நெசவிலும் அதைச் சார்ந்த வேலையிலும் 35 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். நெசவாளர்களில் பத்தில் ஏழு பேர் பெண்கள். நெசவாளர் குடும்பங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கின் மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் கீழே. பொய் அட்டை மாட்டின பை இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கும்போது, அறுநூறு ரூபாய்க்கு அசலைக் கொண்டுவருகிற குளேதகுட்டாக்காரர்தான் கொள்ளையடிக்கிறவராகத் தெரிகிறார். “அங்கே இருநூறுக்குத் தர்றாங்களே” என்று நாம் அவரிடம் பேரம் பேசுகிறோம். அடுத்த மேளாவுக்கு அவர் வருவதில்லை. ஸ்டாலை மேலே சொன்ன பயணப் பைக்காரர் எடுத்துக்கொள்கிறார்.

கடைசியாக ஒன்று. வாயால் எத்தனை தடவை ‘ப்யூர் ஹேண்ட்லூம்’ என்று சத்தியம் செய்தாலும் சரி, பில் கேளுங்கள். பில்லில் ‘பை – 1’ என்று எழுதினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ‘கைத்தறிப் பருத்தித் துணியில் தைத்த பை’ என்றோ ‘குளேதகுட்டா கணா, கைத்தறி’ என்றோ எழுதி, கடை முத்திரை வைத்துத் தரச் சொல்லுங்கள். அப்படி எழுதின காகிதம் கையில் இருந்தால், பொய் என்று தெரிந்தபிறகு 1915க்கு போன் போட்டு நுகர்வோர் புகார் கொடுக்கலாம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கிற மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. புவிசார் குறியீட்டைப் பொய்யாகச் சொல்லி விற்றிருந்தால் அது தனிக் குற்றம், ஆறு மாதம் முதல் மூன்று வருஷம்வரை சிறை என்று சட்டத்தில் இருக்கிறது. மேளாவில் இதைக் கேட்டுப் பாருங்கள். பத்து நிமிஷமாகத் தாத்தா காலத்துத் தறியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர், பேனாவைக் கையில் எடுத்ததும், “மேடம், பில் புக் ஓனர்கிட்ட இருக்கு” என்பார். பையை மேஜையில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.